ஏழு நாள் வலி

இல்லை நர்ஸம்மா, எனக்கு மாத்திரை வேண்டாம். பிரஷரும் பார்க்க வேண்டாம். போன மாதம் பதினெட்டாம் தேதி பார்த்தாகிவிட்டது, நூற்று முப்பதுக்கு எண்பத்து நான்கு. நான் வைத்தியத்துக்கு வரவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லிவிட்டால் மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று வந்தேன். பத்து மணி ஆகப் பதினோரு நிமிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பத்தரைக்குத்தான் வரத் தொடங்குவார்கள், இல்லையா? எனக்குத் தெரியும். இரண்டு செவ்வாய் எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் செவ்வாய் ஒன்பது பேர் வந்தார்கள். போன செவ்வாய் ஏழு பேர்.

தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அறுபத்தாறு வயது. பெயர் குற்றாலிங்கம். ராஜபாளையத்தில் இருந்து வருகிறேன். பஞ்சாலையில் நூல் கோன்களை எண்ணி மூட்டை போடுகிற பிரிவில் இருபத்தேழு வருடம் இருந்தேன். மூட்டைக்கு நாற்பது. ஒரு மூட்டைகூடக் குறைந்தது என்று திரும்பி வந்ததில்லை. படிப்பு எட்டாம் வகுப்புதான். அதனால் சொல்வதில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் தப்பு இருக்காது.

உங்கள் பதிவேட்டில் செண்பகம் என்று ஒரு பெண் இருப்பாள். முப்பத்து நான்கு வயது. ஏழாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு கலைந்திருக்கிறது. அவள்தான். அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். இந்தாருங்கள் கடிதம், மதுரையில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. அரசாங்கத்தில் எல்லோருக்கும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி எடுத்துவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஆமாம், தேதி பழையதுதான். கடிதம் என் கைக்கு வந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

யார் என்று கேட்டால் என்ன சொல்வது. உறவுதான். அவளுடைய அம்மா ஆவுடையம்மாள் இருக்கிறாளே, எனக்குக் கூடப்பிறந்த அக்கா. வீடு இங்கிருந்து நான்காவது தெரு என்பது தெரியும். தெரியும், ஆனால் போக முடியாது. முப்பத்தொரு வருடமாகப் பேச்சு இல்லை. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தட்டுமா? வேண்டாமா. சரி, திறந்தே இருக்கட்டும்.

உறவையும் காரணத்தையும் எழுதாமல் மேலே அனுப்ப முடியாது என்றால், காரணத்தைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே மகன், இசக்கிராஜா, இருபத்தொன்பது வயது. ஐப்பசி மாதம் அவனுக்கு வயிற்று வலி வந்தது. தொப்புளைச் சுற்றி வலி. சாப்பிட்டால் கூடும். முதல் நாள் வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தோம். இரண்டாம் நாள் பக்கத்தில் ஒரு டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, மெத்தென்றுதான் இருக்கிறது, ஒன்றும் இல்லை என்று ஊசி போட்டு அனுப்பினார். அவன் துடிக்கிற துடிப்புக்கும் அந்த வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நான் அதே மாதிரி ஒரு வயிற்றை முன்பு பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாம் நாள் ரத்தமாகப் போனது. மதுரைக்குக் கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்ததில், குடலில் இருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற நரம்பில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. ஒன்றே முக்கால் அடி குடல் கறுத்துவிட்டது. வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், ரத்தம் உறைகிற கணக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்க வேண்டும். கீரைகூட வாரா வாரம் ஒரே அளவுதான், கூட்டினால் மாத்திரை வேலை செய்யாதாம். நான்தான் எழுதி வைக்கிறேன். கடைசியாகப் பார்த்தது இரண்டு புள்ளி நான்கு.

மணி என்ன? உங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் முன்னால் ஓடுகிறது.

அந்த டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். என் மகன் வயதுதான் இருக்கும். என்னையும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளையும் உட்கார வைத்து, ‘இந்த வயசுல இந்த இடத்துல ரத்தம் உறையுதுன்னா பிறவியிலயே ஏதோ குறை இருக்கும் ஐயா’ என்றாள். ரத்தம் கண்ட இடத்தில் கட்டிப் போகாமல் காவல் பார்க்கிற சத்து ஒன்று இருக்கிறதாம், புரோட்டீன் சி என்று பெயர். சில குடும்பத்தில் அது பாதிதான் இருக்குமாம். மகனுக்கு அந்த நேரத்தில் பார்த்தால் கணக்குத் தப்பாகக் காட்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். பேச்சியம்மாளுக்கு நூற்றிரண்டு. எனக்கு நாற்பத்தாறு. எழுபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. சிலருக்குக் கடைசி வரை வராதாம். என்னிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கிறது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ‘உங்க குடும்பத்துல யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா? திடீர்னு வயித்து வலி வந்து இறந்திருக்காங்களா? பெண்களுக்குக் கரு அடிக்கடி கலைஞ்சிருக்கா?’

பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். ஆவுடை அக்காவுக்கு மூன்று கலைந்து நான்காவதுதான் செண்பகம். வயிற்று வலிக்கு எங்கள் அண்ணன் சங்கரலிங்கம் இருக்கிறான். இருந்தான். நாற்பத்தொரு வயதில் போய்விட்டான்.

அதைச் சொல்ல வேண்டும் என்றால் செண்பகத்தின் காதுகுத்தில் இருந்து சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது மூன்று வயது. இதே ஊர்தான், குளத்தங்கரைக் கோயில். தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும், மூத்தவன் இருக்கும்போது இளையவன் மடிக்கு வேலை இல்லை. அண்ணன் மடியில் உட்கார்ந்து பிள்ளை வீரிட்டது. நான் பக்கத்தில் பொரிகடலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடா வெட்டிச் சாப்பாடு. அண்ணன் பக்கத்து இலைதான் நான். அவன் சோறு இரண்டு கரண்டி, கறி நான்கு துண்டு, அதில் இரண்டை ஒதுக்கிவிட்டான். சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு அக்கா அவனை மட்டும் அடுக்களைக்குள் கூப்பிட்டு ஒரு பித்தளை டம்ளரில் என்னவோ கொடுத்தாள். நான் வாசற்படியில்தான் நின்றேன். என்னைக் கூப்பிடவில்லை. கொடுக்கவில்லை என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது. எத்தனை டம்ளர் என்று கேட்டால் ஒன்று. அதற்காகச் சொல்கிறேன்.

ராத்திரி ஊருக்குத் திரும்பினோம். மறுநாள் காலையில் அண்ணன் சுருண்டுவிட்டான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். வலி நிற்கவில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில், அந்தக் காலம் என்ன, இப்போதும்தான், உங்களுக்கே தெரியும், சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்களே. அது குடலில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கத் தெரிந்தவர் வந்துதான் எடுக்க வேண்டும் என்பார்கள். மேற்கே ஒரு ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்த அறையில் எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். அவர் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘எந்த வீட்டுல கை நனைச்சான்?’ என்றார்.

‘மக வீட்டுலதாம்யா. வேற எங்க’ என்றாள் அம்மா.

‘எல்லாருக்கும் வச்சதத்தான் தின்னானா, தனியா எதுவும் குடுத்தாளா?’

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் எதற்கும் என்னைத்தான் கேட்பார்கள், நான் எண்ணி வைத்திருப்பேன் என்று. ஒரு டம்ளர் என்றேன். ஐந்தே கால் மணி, அடுக்களைக்குள், பித்தளை டம்ளர். இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, நீங்களே சொல்லுங்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். அக்காதான் செய்தாள் என்று நான் சொல்லவே இல்லை.

அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். ‘அண்ணன் நல்லா இருக்கது பொறுக்கலையாடி உனக்கு!’ என்று அங்கேயே கத்தினாள். அந்த ஆள் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தார். அண்ணன் ஏழு தடவை வாந்தி எடுத்தான். கடைசியில் ஒரு சின்ன உருண்டையை வாழையிலையில் வைத்துக் காட்டினார், மயிரும் மாவும் கலந்த மாதிரி. எடுத்தாச்சு, பிழைத்துக்கொள்வான் என்றார். அடுத்த இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அப்படி வாந்தி எடுக்க வைத்ததே கெடுதலாகப் போயிருக்கும், உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் இன்னும் கெட்டியாகும் என்று டாக்டரம்மா இப்போது சொல்கிறாள்.

சாவுக்கு அக்கா வந்தாள். தெரு முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் செண்பகம், காது குத்திய புண்கூட ஆறவில்லை. நான் வாசலில்தான் இருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, நர்ஸம்மா. சின்னதில் இருந்தே அப்படி. உறவு அதோடு போனதுதான். செண்பகம் பெரியவளானபோது தாய்மாமன் சீர் என்று யாரும் போகவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அவளுக்கு மாமன் மாலை போட யாரோ ஒரு பங்காளியைப் பிடித்தார்களாம்.

என்ன எழுதுகிறீர்கள்? எத்தனை நாள் வலி என்றா?

டாக்டரம்மாவும் இதைத்தான் கேட்டாள். ‘உங்க அண்ணனுக்கு மொத்தம் எத்தனை நாள் வலி இருந்துச்சு? விருந்துல இருந்து கணக்கா?’ பேச்சியம்மாள் முந்திக்கொண்டு, ‘நாலு நாளு டாக்டர், விருந்துக்குப் போன எடத்துலதான்’ என்றாள். எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் நாலு என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்த இடத்தில் பொறுக்கவில்லை. தப்பான எண்ணிக்கையை அந்தப் பெண் எழுதப் போகிறாள். ‘ஏழு’ என்றேன்.

அதாவது, காதுகுத்துக்குப் போகிற பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சங்கரன்கோவில் தாண்டும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ‘மூணு நாளாக் கொல்லுதுலே குத்தாலம். யார்ட்டயும் சொல்லிராத. அவ மூணு பிள்ளையத் தோத்துட்டுப் பெத்த பிள்ள. மடியில வச்சுக் காது குத்த வேண்டியவன் சீக்குன்னு தெரிஞ்சா சாமி காரியத்த நிறுத்திப்போடுவாங்க’ என்றான். மூன்றும் நான்கும் ஏழு. அண்ணன் சொல்லாதே என்றான், நான் சொல்லவில்லை. அவனுக்கு முடியவில்லை என்றால் அடுத்த மடி என்னுடையதுதான். அதற்காக நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை.

அந்த மருந்து எடுக்கிறவர் அறையிலா? அங்கே, ‘எப்ப இருந்து வலி?’ என்று கேட்டது உண்மைதான். ‘அங்க போயிட்டு வந்ததுல இருந்து’ என்று அம்மா சொன்னாள். அதை அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொன்னால், மூன்று நாள் வலியை மறைத்தாயே, முதலிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று அம்மா கேட்பாள். செத்த பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது? அப்படி ஒவ்வொரு நாளாக...

மதுரையில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். ‘ஒங்களுக்கு எண்ணத்தான் தெரியும். நம்ம கல்யாணத்துல எத்தன அப்பளம் ஒடஞ்சுதுன்னு கேட்டாக்கூடச் சொல்லுவீக. இத்தன வருசமா அந்த மனுசி எச்சிக்கை பட்டா சாவுன்னு ஊரே பேசுச்சே, அப்ப எங்க போச்சு இந்த ஏழு?’ என்று கேட்டாள். அதிலிருந்து மகனுக்குச் சோறு போடும்போதுகூட என்னோடு பேச்சு இல்லை. கடிதத்தை மட்டும் என் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்திவிட்டாள்.

செண்பகம் மறுபடி உண்டாயிருக்கிறாள் என்பது ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஊர்க்காரர் சொல்லித்தான் தெரியும். அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்தக் குறை உள்ளவளுக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், பெற்ற பிறகு ஆறு வாரமும் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகமாம். முன்னாலேயே தெரிந்தால் தினம் ஒரு ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாமாம். தெரியாமல் போனால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ‘நாளைக்கே போய்ச் சொல்லுங்க ஐயா’ என்றாள்.

நாளைக்கே என்றாள். நாற்பத்தொரு நாள். பஸ் ஏறியது இதோடு மூன்று தடவை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். கடிதத்தில் ரத்தம் பற்றி இருக்கிறது. அந்த மூன்று நாளைப் பற்றி அதில் இல்லை. அது இல்லாமலே பரிசோதனை செய்யலாம். செய்ய முடியாதா, சொல்லுங்கள். நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

நர்ஸம்மா. அந்தப் பச்சைக் குடை. அவர்கள்தான், அக்காவும் செண்பகமும். பத்து பதினெட்டுதானே ஆகிறது, இவ்வளவு சீக்கிரம் எதற்கு வருகிறார்கள்? பின்பக்கம் வழி இருக்கிறதா? மருந்து வைத்திருக்கிற அறை வழியாக? சரி. சரி, உட்காருகிறேன். கையை விடுங்கள். அக்காவுக்கு இப்போது அறுபத்தொன்பது. என்னை அடையாளம் தெரியாது. தலை நரைத்துவிட்டது, மீசையும் இல்லை. நான் இப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீங்கள் அவர்களைப் பாருங்கள், நான் மெதுவாக...

அந்தப் பெண் ஏன் காலை இழுத்து நடக்கிறாள்?

நர்ஸம்மா, அந்தக் காலைப் பாருங்கள். இடது கால். வலது காலில் மெட்டி சுழல்கிறது, இடது காலில் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. கர்ப்பிணிக்குக் கால் வீங்கும், எனக்கும் தெரியும். இரண்டும்தானே வீங்க வேண்டும்? ஒரு கால் மட்டும் வீங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அந்த டாக்டரம்மா...

அம்மா, செண்பகம். உட்காரம்மா, இந்த நாற்காலியில் உட்கார். நான் யார் என்பது பிறகு. இந்தக் கால் எத்தனை நாளாக இப்படி? நேற்று முதலா? சரியாகச் சொல்லம்மா. பயந்துகொண்டு குறைத்துச் சொல்லாதே. வெள்ளிக்கிழமையா? கூட வந்திருக்கிறவர்கள் நீங்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமையில் இருந்தா? அப்படி என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், இன்று. ஐந்து நாள். தைலம் போட்டு உருவினீர்களா? இனிமேல் உருவாதீர்கள், அதைத் தொடவே தொடாதீர்கள். மூச்சு வாங்குகிறதா? இல்லையே? நல்லது.

போடுங்கள் நர்ஸம்மா, நூற்றெட்டுக்குப் போடுங்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள், குடும்பத்தில் பிறவியிலேயே இருக்கிறது என்று. தாய்மாமன் ஒருவன் குடல் நரம்பில் ரத்தம் உறைந்து செத்தான் என்று சொல்லுங்கள். ஆமாம், சங்கரலிங்கம்தான். மருந்து வைத்து இல்லை. யாரும் ஒன்றும் வைக்கவில்லை. காதுகுத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே அவனுக்கு வலி இருந்தது. இன்னொரு மாமனுக்கும் அதே குறை இருக்கிறது, அவனுக்கு அந்தச் சத்து நாற்பத்தாறுதான், அவன் இங்கேதான் நிற்கிறான். சத்தமாகவா பேசுகிறேன்? இருக்கட்டும், வந்திருக்கிற எல்லோரும் கேட்கட்டும்.

அக்கா. குத்தாலம்தான் அக்கா.

என்ன அக்கா? கொஞ்சம் உரக்கச் சொல்லு, எனக்கு ஒரு காது மந்தம்... அண்ணன் உன்னிடமும் வலியைச் சொன்னானா? அடுக்களையில் வைத்தா? அந்த டம்ளரில் கொடுத்தது அதற்கான சுக்குத் தண்ணீரா? எனக்கு வலி இல்லை என்பதால்தான் என்னைக் கூப்பிடவில்லையா...

பஸ்ஸில் என்னிடம் சொன்னதையும் சொன்னானா?

நர்ஸம்மா, இவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும். தெரு முனையில் நின்றபோது, ‘நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னுதான்டா ஒம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னேன்’ என்கிறாள்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. நான் கைத்தாங்கலாகப் பிடிக்கிறேன். மெதுவாக அம்மா, இடது காலை ஊன்றாதே. நான் பஸ்ஸில் பின்னால் வருகிறேன் அக்கா, வண்டியில் இடம் இருக்காது. இருக்கிறதா? என்னையும் ஏறச் சொல்கிறாளா?

ஏறச் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் நான்தான் சொல்ல வேண்டுமாம். அவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்கிறாள்.